நான் மாற்றிச் சொன்ன முடிவு

“கதையெல்லாம் அப்புறம் சொல்லுங்கக்கா. பாக்கலாமா, வேணாமா? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க” என்பார்கள். எங்கள் செராமிக் கம்பெனியில் பினிஷிங் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆறு பெண்களில் நான்தான் மூத்தவள். சென்னையில் இருக்கும் என் மகள் ஒரு பொங்கலுக்கு வந்தபோது, எங்கள் வீட்டு டிவியில் இரண்டு ஓடிடி ஆப்புகளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து எந்த சீரிஸைப் பார்க்கலாம், எதைப் பார்க்க வேண்டாம் என்று தீர்ப்பு சொல்லும் பதவி எனக்கு வந்து சேர்ந்தது. நான் கேட்டு வாங்கியதில்லை. ராஜினாமா செய்யவும் வழி தெரியவில்லை.

எங்கள் வேலை அப்படிப்பட்டது. அச்சிலிருந்து எடுத்த பொம்மை ஈரத்தோடு எங்களிடம் வரும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில், பொம்மையின் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு வரி ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் காய வைக்க வேண்டும். பிறகு அது சூளைக்குப் போகும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் மாலை ஐந்தரை வரை இரண்டு கையும் மண். மண் கையோடு போனைத் தொட முடியாது. தொட்டால் முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்துவிடுவார். வாய்க்கு மட்டும் தடையில்லை. அதனால் யார் வீட்டில் எதைப் பார்த்தாலும் மறுநாள் மேசையில் அந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு எபிசோடு. சொல்பவர் கை ஓய்ந்தாலும் பரவாயில்லை, வாய் ஓயக் கூடாது.

மற்றவர்களுக்குப் பார்க்க எங்கே நேரம்? ஒருத்திக்குப் போன் பிள்ளைகள் கையில். இன்னொருத்தி மங்கலம்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள், வீட்டுக்குப் போனதும் மாமியாருக்குச் சப்பாத்தி போட வேண்டும். ஆகவே அந்தப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து நான் பார்த்தேன். ஐந்தரை வரைக்கும் பொம்மை, அதற்குப் பிறகு சமையல், அதற்குப் பிறகு சீரிஸ். முதல் எபிசோடு பாட்டு முடிவதற்குள் என் வீட்டுக்காரர் நாற்காலியிலேயே குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தாள், வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாமாம். அப்படிப் பார்த்தேன். எல்லோரும் அடிவாங்கிய கோழி மாதிரி படபடவென்று நடந்தார்கள், பேசினார்கள், செத்தார்கள்.

இது மேசையோடு நிற்கவில்லை. கல்யாண மண்டபத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள் சாம்பார் ஊற்றுவதற்குள் “இப்ப என்னா பாக்கிறீங்க?” என்று கேட்கிறாள். மருமகன் வாட்ஸப்பில் லிஸ்ட் அனுப்புகிறார். நாத்தனார் “இத பாத்துட்டீங்களா, பாக்கலன்னா நீங்க மனுசியே இல்ல” என்கிறாள். பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று சொன்னால் ஒரு வாரம் பேசுவதில்லை. எனக்கு அலுத்துப் போயிருந்தது. நான் “நல்லாருக்குது” என்று சொன்னால் முழுசாகப் பார்த்தேன் என்று அர்த்தம். “ஒரு தடவ பாக்கலாம்” என்றால் நடுவில் தூங்கிவிட்டேன் என்று அர்த்தம். மருமகன் சொன்னதையெல்லாம் பார்க்காமலே “வேஸ்ட்டு” என்று சொல்லிவிடுவேன்.

மேசையில் எனக்கு எதிரே உட்காருபவள் ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில் ஒரு கிராமத்துக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள். அவள் அதிகம் பேசமாட்டாள். கதை சொல்லும்போது மற்றவர்கள் “ஐயய்யோ”, “அடப்பாவி” என்று சத்தம் போட்டால் அவள் தலையைக் குனிந்தபடி பொம்மையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு ஒரே பெண். கடலூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குப் போன இடத்தில், வேறு ஆளுங்க வீட்டுப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய், வீட்டில் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவள் அப்பா அன்றைக்கே பெண்ணின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டாராம். இது எங்கள் ஐந்து பேருக்கும் தெரியும். எங்களில் ஒருத்தியின் அண்ணன் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்ணைக் கைக்குழந்தையோடு பார்த்திருக்கிறார். ஆனால் தாய்க்காரி மேசையில் சொன்னது வேறு. “பொண்ணு மெட்ராஸ்ல கம்பெனில வேல பாக்குது. லீவே குடுக்க மாட்டேங்கறாங்க” என்றாள். நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். தீபாவளி வந்தால் “மெட்ராஸ்லேர்ந்து பொண்ணு வருதா?” என்று கேட்போம். “லீவு கிடைக்கலயாம்” என்பாள். “என்னா கம்பெனியோ” என்று நாங்கள் திட்டுவோம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தோம்.

அந்த சீரிஸை நான் தேடிப் போகவில்லை. டிவியைப் போட்டதும் முதலில் வந்து நின்றது, பட்டனை அழுத்தினேன். ஏதோ ஒரு மலையூர். அரிசி மில் வைத்திருக்கும் ஒரு அப்பா. அவருடைய பெண் முதல் எபிசோடிலேயே வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு எபிசோடுக்கு ஒருவர் வந்து அவளை அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன் என்று சொல்கிறார்கள். அப்பா வாயைத் திறப்பதில்லை. முதல் நாளே இதை மேசையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்ல வேறு கதை இல்லை. சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை. சொல்ல ஆரம்பித்தேன்.

மூன்றாவது நாள் எதிரே இருந்தவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“அப்புறம்?” என்றாள்.

நாலாவது நாள் நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, “அந்த அப்பா சாப்பிட்டாரா இல்லியான்னு சொல்லாம போறீங்களே” என்றாள். அவள் கேட்டதும் மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கடைசி எபிசோடை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்தேன். பெண் திரும்பி வருகிறாள். வாசலில் நின்று கூப்பிடுகிறாள். உள்ளே அப்பா தாழ்ப்பாளில் கையை வைத்தபடி நிற்கிறார். வெகுநேரம் நிற்கிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். பெண் படி இறங்கிப் போய்விடுகிறாள். அவ்வளவுதான். பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. எனக்கு எரிச்சல் வந்தது. எட்டு எபிசோடு உட்கார வைத்துவிட்டு இதற்குத்தானா என்று டிவியைத் திட்டினேன். என் வீட்டுக்காரர் விழித்து “என்னா ஆச்சு?” என்று கேட்டார்.

திங்கட்கிழமை மேசையில் கதவு வரைக்கும் சரியாகத்தான் சொன்னேன். அப்பா தாழ்ப்பாளில் கை வைக்கிறார் என்றேன். எதிரே பார்த்தேன். அவள் கையில் ஒரு பிள்ளையார் பொம்மை. ஸ்பாஞ்சால் அதன் முகத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள், கண் கரைந்து, தும்பிக்கை மொழுக்கென்று ஆகிப்போனதுகூடத் தெரியாமல். என்னால் முடியவில்லை.

“தெறந்துட்டாரு” என்றேன். “தெறந்து, ‘உள்ள வா’ன்னு ஒரே ஒரு வார்த்த சொன்னாரு. அதோட முடிச்சிட்டான்.”

மேசையில் ஒருத்தி கண்ணைத் தோளில் துடைத்தாள். எதிரே இருந்தவள் முகமில்லாத பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, அதைக் கழிவு மண் தொட்டியில் போட்டாள். பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“வூட்ல எல்லாரும் உக்காந்து பாக்கலாமாக்கா அது?”

“தாராளமா பாக்கலாம்” என்று என் வாய் சொல்லிவிட்டது. பல வருடமாகச் சொல்லிப் பழகிய வாய்.

“பாஸ்வேர்டு குடுக்கறீங்களா? எங்க வூட்டு டிவியில போட்டுப் பாக்கறோம். நெட்டு இருக்குது.”

மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். அவள் பார்க்க மாட்டாள், நேரம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் பார்த்தார்கள். ஒரே கணக்கை இரண்டு வீட்டில் பார்த்தால், யார் எதுவரைக்கும் பார்த்தார்கள் என்பது எங்கள் டிவியிலும் தெரியும். படத்தின் அடியில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். நான் முடித்துவிட்ட சீரிஸ் மறுபடியும் மேலே வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை முதல் எபிசோடு. புதன்கிழமை இரண்டு. வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போட்டு, கோடு எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். “எதுக்குத்தான் போடற, எதுக்குத்தான் நிறுத்தற?” என்று என் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை குழாயடியில் அவள் என்றைக்கும் இல்லாத சந்தோஷத்தோடு பேசினாள்.

“அவரும் பாக்கிறாருக்கா. டிவின்னா நியூசத் தவிர ஒண்ணும் பாக்க மாட்டாரு. நேத்து நான் அடுப்பங்கரைல இருந்தேன், ‘அடுத்தது போடலியா?’ன்னு அவரே கேக்கறாரு.”

அவள் குழாயை மூடினாள். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“அந்த அப்பா கதவத் தெறக்கறத இவரு பாக்கணும்க்கா. அதுக்குத்தான் போட்டேன். நான் சொல்லி அவரு கேக்க மாட்டாரு. அதப் பாத்தாவது மனசு எறங்கட்டுமேன்னு.”

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. அவசியமும் இல்லை. அங்கேயே, அந்த ஈரத் தரையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த முடிவு பொய், மேற்கொண்டு போடாதே என்று. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால்? உன் பெண் கதை எங்களுக்கெல்லாம் தெரியும், பாவம் என்று மாற்றினேன் என்று சொல்ல வேண்டும். மெட்ராஸ் கம்பெனி லீவு கொடுக்கவில்லை என்று நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து கட்டிய கதை அங்கேயே இடிந்துவிடும். எனக்குத் தைரியம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், தைரியத்தைவிட அலுப்புதான் பெரிதாக இருந்தது. கால் வலித்தது. பஸ் நேரம் ஆகிவிட்டது. “நல்லதும்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை கோடு ஆறாவது எபிசோடின் முடிவில் நின்றது. மகளுக்குப் போன் செய்து பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்று கேட்டேன். ஏன் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். சொல்லிக் கொடுத்தாள், காகிதத்தில் எழுதியும் வைத்தேன். மாற்றவில்லை. மாற்றினால் திங்கட்கிழமை என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததிலேயே ஞாயிறு வந்துவிட்டது. ஞாயிறு சாயங்காலம் டிவியைப் போட்டபோது அந்தப் படமே மேலே இல்லை. முடித்துவிட்டால் அது தானாகவே இறங்கிப் போய்விடும்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. செவ்வாய் வந்தாள். வழக்கம்போல உட்கார்ந்தாள், துடைத்தாள், பலகையில் அடுக்கினாள். நான் அன்று கதை எதுவும் சொல்லவில்லை, தலைவலி என்றேன். சாயங்காலம் குழாயடியில் அவளே வந்தாள்.

“வேற மாதிரில்ல முடிஞ்சுது.”

“அப்படியா? நான் கடைசில கண் அசந்துட்டேன் போலருக்குது” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க அசரலக்கா.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “அவரு என்னா சொன்னாரு?” என்று கேட்டேன்.

“‘சரியாத்தான் முடிச்சிருக்கான்’னாரு. எழுந்து போயி மாட்டுக்குத் தண்ணி காட்டினாரு.”

அவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எத்தினி நாளா தெரியும் உங்களுக்கு?”

“ரெண்டு வருசமா.”

“எல்லாருக்குமா?”

“ஆமாம்மா.”

“அப்போ தீவாளிக்குத் தீவாளி மெட்ராஸ்லேர்ந்து வருதான்னு கேட்டீங்களே.”

அவள் கோபப்பட்டுத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். “போயிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நாள்தவறாமல் வந்தாள், எதிரே உட்கார்ந்தாள். “கத்தி குடுங்க”, “தண்ணி மாத்தணும்” என்ற அளவில் பேச்சு இருந்தது. நான் ஏதாவது கதை சொன்னால் அவள் காது கொடுக்கிறாளா என்பதுகூடத் தெரியவில்லை.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் பஸ் வரவில்லை என்று அவள் வீட்டுக்காரர் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டார். அவள் உள்ளே போய்விட்டாள். நான் எதிரே டீக்கடையில் நின்றிருந்தேன். அவரும் டீக்கு வந்தார். என்னைப் பார்த்துத் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்கதானே அந்தப் படத்தப் பாக்கச் சொன்னவங்க?”

“ஆமாங்க” என்றேன். கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

“நல்லா எடுத்திருக்கான். நான்கூட எங்க ஊர்ல நாலு பேருக்குச் சொன்னேன், பாருங்கன்னு.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ, “முடிவு எனக்குப் புடிக்கலீங்க” என்றேன். “தெறந்திருக்கணும்.”

அவர் டீயைக் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தார்.

“நானும் தெறப்பான்னுதான் நெனச்சேன்” என்றார். “அதுக்குத்தான் அத்தினி நாளு உக்காந்திருந்தேன். கடைசில தாழ்ப்பா மேல கைய வச்சான் பாருங்க, இதோ தெறந்துட்டான்னு நெனச்சேன். அவன் கைய எடுத்துட்டான். படிச்சவனுங்க, யோசிச்சு எடுக்கறவனுங்க, அவனுங்களே தெறக்க வேணாம்னு வச்சிருக்கானுங்கன்னா, அதுதான் சரியா இருக்கும்னு வுட்டுட்டேன்.”

காசைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தார். “வரேங்க” என்றார். நான் கிளாஸோடு அங்கேயே நின்றேன். அந்த மனிதர் தன் வீட்டுக் கதவைத் திறக்கலாமா என்று ஒரு அரிசி மில்காரனைப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார். பார்க்கலாம் என்று சொன்னவள் நான். அழவேண்டும் போலிருந்தது. சங்கு ஊதியது, உள்ளே போனேன்.

அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் இருந்தார்கள், இருக்கட்டும் என்று விட்டேன். இனி எதை மறைக்க?

“உங்க வூட்டுக்காரர டீக்கடையில பாத்தேன்” என்றேன். “அந்த அப்பன் கதவத் தெறப்பான்னுதான் அவரும் காத்துக்கிட்டு இருந்தாராம். தெறக்காம வுட்டுட்டான்னுதான் அவருக்கும் வருத்தம். நீ ஒரு தடவ கேட்டுப் பாரும்மா. அவரு மனசுல இருக்குது. அவரு வாயாலயே சொன்னாரு.”

அவள் கை நின்றது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை. என்மேல் இரக்கம் மாதிரிதான் ஏதோ இருந்தது.

“இதுவும் நீங்க எனக்காக மாத்திச் சொல்றதுதானேக்கா?” என்றாள்.

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்று மண் கையால் தலையில் அடித்துச் சொன்னேன். அவள் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பொம்மையை எடுத்தாள்.